கொக்கி விழும் இடம்

மின்விசிறியைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்திருக்கலாம். சுவிட்சைப் போட்டால் சுற்றுகிறது, அணைத்தால் நிற்கிறது, இதில் பேச என்ன இருக்கிறது? ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குகிறேன். காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பியவர் படுக்கையறை ஃபேனை நிறுத்த மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சன்னல் கதவுகள் சாத்தியிருக்கின்றன. மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்து அந்த அறையில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் என்ன காட்டும்? ஃபேன் நின்றிருந்தால் எவ்வளவு காட்டியிருக்குமோ அதைவிடச் சற்றே கூடுதலாகத்தான் காட்டும். பழைய ரகச் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கிறது. அதில் ஒரு பங்கு மோட்டாரிலேயே சூடாகிவிடுகிறது. மிச்சப் பங்கு காற்றை அசைக்கிறது. அசைந்த காற்று சுவரிலும் தரையிலும் உராய்ந்து ஓயும்போது அதுவும் சூடாகவே முடிகிறது. எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட். நம் வீடுகளில் ஒரு காலத்தில் எரிந்த 60 வாட் குண்டு பல்பைப் பகல் முழுக்க எரியவிட்டுப் போயிருந்தால்கூட அறைக்குள் இதைவிடக் குறைந்த சூடுதான் சேர்ந்திருக்கும்.

ஆக, ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. ஆளைத்தான் குளிர்விக்கிறது. இது பள்ளிப் பாடம்தானே என்று நீங்கள் சொல்லலாம். தெரிந்த விஷயம்தான், ஆனால் இதைத் தெரிந்துகொண்டு வீடு கட்டுகிறவர்களையும் ஃபேன் வாங்குகிறவர்களையும் காண்பது அரிது. எத்தனை சதுர அடி அறை என்று கேட்டு ஃபேன் விற்கிறார்கள். எத்தனை சதுர அடி என்று சொல்லி வாங்குகிறோம். கூரையின் நட்ட நடுவில் மாட்டுகிறோம். ஆள் வருவதற்கு முன்பே ஓடவிட்டு அறையைத் ‘தயார்’ செய்கிறோம். எல்லாமே அறையை மனத்தில் வைத்துச் செய்யும் காரியங்கள். ஃபேனின் அளவு, இடம், உயரம், ஓட்டும் முறை ஆகிய நாலையும் அறையிலிருந்து தொடங்காமல் ஆளின் உடம்பிலிருந்து தொடங்கி யோசித்தால் விடைகள் மாறுகின்றன என்பதுதான் நான் சொல்ல வந்தது.

பனையோலை விசிறியைக் கையில் பிடித்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை. தூளியில் கிடக்கும் குழந்தைக்கு விசிறுகிறவர் குழந்தையை நோக்கித்தான் விசிறுவார். அறையின் நடுவில் நின்றுகொண்டு நாலு பக்கமும் விசிறமாட்டார். வெள்ளைக்காரர் காலத்து நீதிமன்றங்களிலும் பங்களாக்களிலும் கூரையிலிருந்து தொங்கிய பங்காவும் நீதிபதியின் மேசைக்கும் துரையின் சாப்பாட்டு மேசைக்கும் நேர் மேலேதான் தொங்கியது. கயிறு இழுக்க ஒரு ஆளைக் கூலிக்கு வைத்திருந்த காலம். அவன் கை வலிக்க இழுத்த காற்று ஆளில்லாத மூலைக்குப் போவதை யாரும் விரும்பவில்லை. மோட்டார் வந்து, கூலி கண்ணில் படாத ஒன்றாகிப் போன பிறகுதான் காற்று அறைக்குச் சொந்தமாயிற்று.

உடம்பு எப்படிக் குளிர்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் காலத்தில் தோலின் வெப்பம் 35 டிகிரியை ஒட்டி இருக்கிறது. சுற்றியுள்ள காற்று அதற்குக் கீழே இருந்தால் தோலைத் தொட்ட காற்று கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே ஒரு மெல்லிய போர்வைபோல ஒட்டிக்கொள்ளும். வியர்வை ஆவியாகும்போது அந்தப் போர்வை ஈரத்தாலும் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு சூடும் போகாது, வியர்வையும் காயாது. ஃபேன் செய்வது இந்தப் போர்வையை விடாமல் உரித்துக்கொண்டிருப்பது, அவ்வளவே. ஒரு கிராம் வியர்வை ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 2,400 ஜூல் வெப்பம் போகிறது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ காற்றில் ஈரம் கூடிய மே மாத இரவில் ஃபேன் நின்ற மறு நிமிடமே கழுத்தில் வியர்வை வழியத் தொடங்குவது அறை திடீரென்று சூடாகிவிட்டதால் அல்ல. அதுவரை அரும்பிய வேகத்திலேயே காய்ந்துகொண்டிருந்த வியர்வை இப்போது காயாமல் நிற்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும் அறைக்குள் நுழைந்தால் குளுகுளுவென்று இருக்கிறதே? இருக்கும். வெளியிலிருந்து வியர்த்து வந்த உடம்பின் மேல் காற்று பட்ட கணத்திலிருந்து அந்தக் குளிர்ச்சி தொடங்குகிறது. நீங்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அது ஓடியதும் ஓடாததும் அந்தக் குளிர்ச்சிக்கு ஒன்றுதான். விதிவிலக்கு ஒன்று உண்டு: சன்னல்கள் திறந்திருந்து, வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்திருந்து, ஃபேன் அந்தக் காற்றை உள்ளே இழுக்கவோ உட்காற்றை வெளியே தள்ளவோ உதவினால் அறை உண்மையிலேயே குளிரும். அது காற்றை மாற்றும் வேலை. கூரையில் தொங்கும் ஃபேன் அந்த வேலைக்கு மட்டம். அது இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் கலக்குகிறது. இந்த விதிவிலக்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இடம். சீலிங் ஃபேனின் காற்று ஒரு தூண்போல நேர் கீழே இறங்குகிறது. அந்தத் தூணின் அகலம் இறக்கைகளின் வீச்சைவிடச் சற்றுத்தான் பெரிது. தூணுக்குள்ளும் காற்று ஒரே சீராக இல்லை. மோட்டாருக்கு நேர் கீழே மந்தமாகவும், இறக்கைகளின் வெளிப்பாதிக்குக் கீழே வேகமாகவும் இருக்கும். மோட்டாருக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தவரைவிட ஓரடி தள்ளி உட்கார்ந்தவருக்குக் காற்று அதிகம். தூண் தரையில் மோதியதும் நாலு பக்கமும் தரையோடு பரவி, சுவரில் ஏறி, கூரை வழியாக மீண்டும் ஃபேனுக்கே வருகிறது. இதனால்தான் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு ஃபேனிலிருந்து விலகிப் படுத்தாலும் ஓரளவு காற்று வருகிறது. அதே தொலைவில் கட்டிலில் படுத்தவருக்கு வருவதில்லை. அவருக்குக் கீழே, கட்டிலுக்கு அடியில், அது போய்க்கொண்டிருக்கிறது. பாயிலிருந்து கட்டிலுக்கு ஏறிய நம் வீடுகளில் ஃபேன் மட்டும் பாய்க் காலத்து இடத்திலேயே நின்றுவிட்டது.

அந்த இடத்தை முடிவு செய்வது யார் என்று பாருங்கள். கட்டிலை வாங்குகிறவரும் இல்லை, ஃபேனை மாட்டும் எலக்ட்ரீசியனும் இல்லை. சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டுவதற்கு முன் ஃபேன் பாக்ஸையும் கொக்கியையும் வைக்கிறார்களே, அந்த அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இரண்டு மூலைக்கு நூல் பிடித்து, குறுக்கே இன்னொரு நூல் பிடித்து, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் கொக்கியை வைத்துவிட்டுப் போகிறார்கள். வடிவக் கணக்குக்கு அது சரியான நடு. ஆனால் அந்த அறையின் ஒரு சுவரில் இரண்டடி ஆழத்துக்குப் பரணும் அலமாரியும் வரப்போகின்றன. இன்னொரு சுவரோரம் பீரோ நிற்கப்போகிறது. ஆள் புழங்கும் தரையின் நடு, கூரையின் நடுவிலிருந்து ஓரடியாவது நகர்ந்துவிடுகிறது. வடக்கே தலை வைத்துப் படுக்காத ஊரில் கட்டில் எந்தச் சுவரை ஒட்டி நிற்கும் என்பதைக் கட்டடம் எழும்பும் முன்பே சொல்லிவிட முடியும்; கதவும் சன்னலும் எங்கே என்று தெரிந்தால் மிச்ச ஐயமும் தீர்ந்துவிடும். அப்படியிருந்தும் கட்டிலைக் கேட்டுக் கொக்கி வைப்பதில்லை. பிறகு முப்பது ஆண்டுகள் அந்த ஃபேன் அலமாரிக் கதவுக்கும் நடைபாதைக்கும் காற்று வீசிக்கொண்டிருக்கும். படுத்திருப்பவரின் காலில் மட்டும் கொஞ்சம் படும்.

படுக்கையறையில் கொக்கி விழ வேண்டிய இடம் படுத்திருப்பவரின் மார்புக்கும் இடுப்புக்கும் நேர் மேலே. முகத்துக்கு நேராக வேண்டாம். கண்ணும் தொண்டையும் வறண்டுபோகும். உடம்பின் பெரிய பரப்பு நடுவுடல்தான். இறக்கையின் நுனிக்கும் சுவருக்கும் இடையே ஒன்றரை அடியாவது விட வேண்டும். நெருங்கினால் காற்று சுவரில் அடித்துச் சிதறும், ஃபேனும் ஆடும். தலைக்கு மேல் ஃபேன் தொங்கினால் விழுந்துவிடாதா என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அறையின் நடுவில் தொங்கினாலும் அதன் கீழே யாரோ ஒருவர் நடக்கத்தான் போகிறார். கொக்கி கூரைக் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டதா, ராடின் மேல் முனையில் போல்ட்டும் அது கழன்றுவிடாமல் குறுக்கே செருகும் பின்னும் இருக்கின்றனவா, தொங்கும் இடத்தில் உள்ள ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை ஃபேனைத் துடைக்கும்போது பார்ப்பதே அதற்கு மருந்து. துடைக்கும் வேலையையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். இறக்கையின் முன்விளிம்பில் படியும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் காற்றைக் குறைக்கின்றன. ஒரு பக்கம் கூடுதலாகப் படிந்தால் ஆட்டமும் வருகிறது.

அடுத்தது அளவு. நம் சந்தையில் வீச்சின்படி 600, 900, 1050, 1200, 1400 மில்லிமீட்டர் ஃபேன்கள் கிடைக்கின்றன. கடைக்காரர் மொழியில் 24, 36, 42, 48, 56 இஞ்ச். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒரு தோராயக் கணக்குத் தருகிறது. அறையின் நீளமான பக்கத்தை மீட்டரில் எடுத்து 55-ஆல் பெருக்கு. நிமிடத்துக்கு அத்தனை கன மீட்டர் காற்று வேண்டும். நீளம் 4 மீட்டர் என்றால் 220. பெட்டியின் மேல் 210, 220, 230 என்று அச்சிட்டிருக்கும் 1200 மில்லிமீட்டர் ஃபேன் அதற்குப் போதும். 5 மீட்டர் என்றால் 275. 1400-ஐத் தேட வேண்டும். அதற்கு மேல் போனால் இரண்டு ஃபேன். 3 மீட்டர் அகலமும் 7 மீட்டர் நீளமுமான கூடத்துக்கு அந்தத் தொகுப்பு பெரிய ஃபேன் ஒன்றைச் சொல்லவில்லை. 1050 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டைச் சொல்கிறது. இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது, இது சதுர அடியைக் கேட்காமல் நீளத்தைக் கேட்பது. 150 சதுர அடி என்றால் 12க்குப் பன்னிரண்டரையாகவும் இருக்கலாம், 8க்குப் பத்தொன்பதாகவும் இருக்கலாம். முன்னதில் ஒரு ஃபேனின் கீழே குடும்பமே உட்காரலாம். பின்னதில் இரண்டு கோடியிலும் உள்ளவர்கள் வியர்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு அளவுகளுக்கு நடுவே தயங்கினால் பெரியதை வாங்கி மெதுவாக ஓட்டுங்கள் என்பேன். பெரிய ஃபேன் கரண்டைத் தின்னுமே என்பார்கள். ஒரே வடிவமுள்ள ஃபேன்களில், அதே அளவு காற்றைத் தள்ளுவதற்கு 1400 மில்லிமீட்டர் இறக்கை 1200-ஐவிட மிக மெதுவாகச் சுற்றினால் போதும். இறக்கைக்கு வேண்டிய திறன் ஏறக்குறையப் பாதியாகிவிடும். காற்று அகலமாக இறங்கும், இரைச்சல் குறையும். பத்துக்குப் பத்து அறைக்குக் கணக்குப்படி 1050 போதும். ஆனாலும் சுவரிலிருந்து ஒன்றரை அடி விட இடமிருந்தால் 1200-ஐ மாட்டி மூன்றில் வைத்துப் படுப்பது சுகம். 600-ஐயும் 900-ஐயும் குறுகிய இடங்களுக்கு, சமையலறைச் சாப்பாட்டு மூலை, பூசையறை, தையல் மிஷின் போட்ட இடம் ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

உயரத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை; ராடு எவ்வளவு நீளம் பெட்டிக்குள் வந்ததோ அவ்வளவுதான் உயரம். இதற்கும் அதே தொகுப்பில் ஒரு சூத்திரம் இருக்கிறது. கூரையின் உயரத்தை மூன்றால் பெருக்கி, அதோடு ஆள் வேலை செய்யும் மட்டத்தின் உயரத்தைக் கூட்டி, நாலால் வகுத்தால் இறக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று வரும். கூரை 3 மீட்டர், மேசை 75 சென்டிமீட்டர் என்றால் விடை 2.44 மீட்டர், அதாவது எட்டடி. மேசையின் இடத்தில் கட்டிலை வைத்தால் விடை இன்னும் இறங்கும் என்பதைக் கவனியுங்கள். இந்தச் சூத்திரமும் ஆளின் மட்டத்தைக் கேட்டுத்தான் பேசுகிறது. ஆனால் ஒன்பதடிக் கூரை போட்ட வீட்டில் இதை அப்படியே பின்பற்றினால் இறக்கை ஏழேகால் அடிக்கு இறங்கிவிடும்; சட்டையைக் கழற்றக் கையைத் தூக்குகிறவரின் விரல் போய்விடும். தரையிலிருந்து இறக்கைக்கு 2.4 மீட்டர் என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது. சூத்திரமும் விரலும் மோதினால் விரலின் பக்கம் நிற்க வேண்டும்.

மேலே எவ்வளவு இடம் விடுவது என்பதற்கும் விதி உண்டு: இறக்கைக்கும் கூரைக்கும் இடையே 30 சென்டிமீட்டர். அது ஏன் முப்பது என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபேன் கீழே தள்ளும் காற்றை மேலே, இறக்கை வட்டத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாகத்தான் இழுக்க முடியும். அந்த இடைவெளியின் பரப்பு, இறக்கை வட்டத்தின் பரப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று வைத்தால், இடைவெளி வீச்சில் நாலில் ஒரு பங்கு என்று விடை வருகிறது. 1200-இல் நாலில் ஒன்று 300 மில்லிமீட்டர். 1400-க்கு 350. இப்போது அழகுக்காகப் போடும் ஃபால்ஸ் சீலிங்கை நினைத்துப் பாருங்கள். கூரையிலிருந்து அரையடியை அது விழுங்குகிறது. உயரம் போதவில்லை என்று ராடை வெட்டி, ஃபேனை அந்தப் பலகையோடு ஒட்டவைக்கிறார்கள். ஃபேன் மூச்சுத் திணறிக்கொண்டு சுற்றுகிறது. வாங்கியவர் கம்பெனியைத் திட்டுகிறார். போதாக்குறைக்கு இறக்கைக்கு மேலே பதித்த விளக்குகளின் ஒளி இறக்கையில் வெட்டுப்பட்டு அறை முழுவதும் நிழல் துடிக்கும். விளக்கைச் சுவருக்கு அனுப்புங்கள்.

என் வாதத்துக்கு எதிராக வரக்கூடியவற்றில் வலுவானது மாடி வீட்டுக்காரர்களுடையது. “ஆளைக் குளிர்விக்கிறது என்கிறீர்கள், எங்கள் ஃபேன் அனலைக் கொட்டுகிறதே” என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், மாலையிலிருந்து நள்ளிரவு தாண்டியும் சூட்டைக் கீழே விடுகிறது. கூரையை ஒட்டிச் சூடான காற்று ஒரு படலமாக நிற்கும். ஃபேன் சரியாக அந்தப் படலத்திலிருந்துதான் காற்றை எடுக்கிறது. ஃபேனின் வேகத்தைக் கூட்டினால் கூரையிலிருந்து காற்றுக்கு வரும் சூடும் கூடும். இந்த இடத்தில் சீலிங் ஃபேன் தோற்றுப்போகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோற்றது ஃபேன் என்ற கருத்தல்ல. கூரையிலிருந்து காற்றை எடுக்கும் ஏற்பாடு. பரிகாரம் இரண்டு. முதலாவது கூரைக்குச் செய்வது: மேலே சுண்ணாம்போ வெள்ளை நிறப் பூச்சோ அடிப்பது, தட்டோடு பதிப்பது, பந்தல் போடுவது. இரண்டாவது, மாலைக்கு மேல் சீலிங் ஃபேனைக் குறைத்துவிட்டு, தரையில் நிற்கும் ஃபேன் ஒன்றைச் சன்னலுக்கு அருகே வைத்து வெளிக்காற்றைப் படுக்கையை நோக்கித் தள்ளுவது. முன்பு சொன்ன விதிவிலக்கு இதுதான். சென்னையில் பகலிலோ மாலையிலோ கடற்காற்று இறங்கிவிட்டால் வெளியே வெப்பம் சட்டென்று குறைகிறது. சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே பழைய காற்றையே கலக்கிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த வரவு தெரியாமலேயே போகிறது.

காற்றை மாற்றும்போது ஒரு வழி வந்தால் ஒரு வழி போக வேண்டும். காற்று வரும் திசைச் சன்னலைத் திறந்து, எதிர்ப்புறச் சன்னலிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு ஃபேனைத் திருப்பி வைத்தால் அறை சில நிமிடங்களில் மாறிவிடும். சமையலறை எக்சாஸ்ட் ஃபேனுக்கும் இதுவே சட்டம். பலர் அதை ஓடவிட்டு, காற்று வரட்டும் என்று அதன் பக்கத்திலேயே உள்ள சன்னலையும் திறந்து வைக்கிறார்கள். அது அந்தச் சன்னல் காற்றை உள்ளே வாங்கி அடுத்த ஓட்டை வழியாக வெளியே அனுப்பும். தாளிப்புப் புகை அடுப்படியிலேயே நிற்கும். பக்கத்துச் சன்னலைச் சாத்தி, எதிரே உள்ள கதவைத் திறக்க வேண்டும்.

தரையில் வைக்கும் ஃபேனைப் பற்றி நமக்கு ஒரு தாழ்வான எண்ணம் உண்டு. சீலிங் ஃபேன் மாட்ட முடியாதவர்களுக்கு அது என்பதுபோல. 2011-இல் தமிழக அரசு குடும்ப அட்டைதாரர்களுக்கு மிக்ஸி, கிரைண்டரோடு டேபிள் ஃபேனைக் கொடுக்கத் தொடங்கியபோது அது தேர்தல் பேச்சாகவே கேட்கப்பட்டது. பொறியியல் கண்ணோடு பார்த்தால் தேர்வு சரியானது. தாழ்ந்த ஓட்டுக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கும் கொக்கி கிடையாது, கூரையோ அனல். அங்கே பாயை நோக்கித் திருப்பக்கூடிய சின்ன ஃபேன், பெரிய சீலிங் ஃபேனைவிட நன்றாக வேலை செய்யும். கூடத்தில் ஆளாளுக்கு ஒரு மூலையில் உட்காருகிறார்களே, எல்லார் தலைக்கு மேலும் எப்படி ஃபேன் மாட்டுவது என்ற கேள்விக்கும் இதுவே விடை: நடுவில் ஒன்று மெதுவாக ஓடட்டும், படிக்கிறவர் மேசைக்கும் பாட்டியின் சாய்வு நாற்காலிக்கும் சுவர் ஃபேனோ டேபிள் ஃபேனோ போகட்டும். கொசுவலை கட்டிப் படுப்பவர்களுக்கும் பக்கவாட்டுக் காற்று நல்லது. மேலிருந்து வரும் காற்றின் பெரும்பகுதியை வலையின் மேற்பரப்பு தடுத்துவிடும்.

ஓட்டும் முறைக்கு வருவோம். ஆள் எழுந்தால் ஃபேனை அணைக்க வேண்டும் என்பதை இனி விளக்கத் தேவையில்லை. ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் கரண்ட் குறையுமா என்பதில்தான் சண்டை. பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர் மின்சாரத்தைத் தானே தின்று சூடாகி ஃபேனைத் தளர்த்தியது; அதில் மிச்சம் சொற்பம். ‘குறைத்தாலும் ஒன்றுதான்’ என்ற பேச்சு அந்தக் காலத்தது, இன்றைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்களுக்குப் பொருந்தாது. இறக்கைக்கு வேண்டிய திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது: வேகத்தை ஐந்தில் நாலாக்கினால் காற்று ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், இறக்கையின் திறன் தேவை பாதியாகிவிடும். மோட்டார் இழப்புகளால் மீட்டரில் முழுப் பாதி தெரியாது. பிஎல்டிசி எனப்படும் புதிய ரக மோட்டார் ஃபேன்களில் இந்த லாபம் பெரும்பாலும் கைக்கு வருகிறது. அவை முழு வேகத்திலேயே 30 வாட்டை ஒட்டித்தான் எடுக்கின்றன. நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடும் 75 வாட் ஃபேன் இரண்டு மாதத்தில் 45 யூனிட் எடுக்கும், 30 வாட் ஃபேன் 18 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில், இரண்டு ஃபேன் உள்ள சிறிய வீட்டுக்கு இந்த வித்தியாசம் பில் வருவதற்கும் வராததற்கும் உள்ள வித்தியாசமாகக்கூட இருக்கலாம். 2023 சனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் என்பதை வாட்டால் வகுத்துப் பாருங்கள். பழையதில் மூன்றுக்குக் குறைவாகவும் புதியதில் ஏழுக்கு மேலும் வரும். ஃபேன் வரவர மெதுவாகிறது என்றால் புதிதாக வாங்க ஓடாதீர்கள், கண்டென்சர் செத்திருக்கலாம். அதை மாற்றுவது பத்து நிமிட வேலை.

இரவில் ஃபேன் காற்று ஆகாது என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூடிய அறையில் ஃபேன் போட்டுத் தூங்கினால் உயிரே போய்விடும் என்ற நம்பிக்கை கொரியாவில் நெடுங்காலம் இருந்தது. அங்கே ஃபேன்களில் டைமர் வைத்தே விற்றார்கள். உயிர் போகாது. ஆனால் விடியற்காலையில் உடம்பின் வெப்பம் இயல்பாகவே தாழும். பத்து மணிக்குச் சுகமாக இருந்த வேகம் நாலு மணிக்கு உடம்பை இறுக்கும். டைமரையோ வேகத்தையோ அதற்கேற்ப வைப்பது நியாயம். ஏசி உள்ளவர்கள் ஃபேனையும் சேர்த்து ஓட்டத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம், மெல்லிய காற்றோட்டம் சுமார் 3 டிகிரி குறைவாக உணரவைக்கும், ஏசியை 24-இலிருந்து 27-க்கு ஏற்றிவிடலாம்.

எல்லை ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு ஆபத்தாகும். காற்று தோலைவிடச் சூடானால் ஃபேன் சூட்டை உடம்பின் மேல் கொட்டவும் செய்கிறது. அதை வியர்வை ஈடுகட்ட முடிகிற வரைதான் லாபம். சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட சோதனையில், 40 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் ஃபேன் இளைஞர்களின் உடல் வெப்பத்தைக் குறைத்தது. 47 டிகிரியும் 10 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையிலோ நிலைமையை மோசமாக்கியது. அதே குழுவினர் பின்னர், 2021-இல், ஃபேன் உதவக்கூடிய உச்சமாக இளைஞர்க்கு 39 டிகிரியையும் முதியோர்க்கு 38-ஐயும், வியர்வையைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் முதியோர்க்கு 37-ஐயும் குறித்தார்கள். 2003 மே 31 அன்று சென்னை 45 டிகிரியைத் தொட்டது. வேலூரிலும் திருச்சியிலும் கத்திரியில் 40-ஐத் தாண்டுவது புதிதல்ல. அந்த நேரத்தில் அறையில் தனியாக இருக்கும் முதியவரை ஃபேனை நம்பி விட்டுவிடக் கூடாது. அவருடைய உடம்பு போதிய அளவு வியர்க்காது. ஈரத்துணியால் கையையும் கழுத்தையும் நனைத்துவிட்டு ஃபேனுக்கு முன் உட்காரவைத்தால், வராத வியர்வையின் வேலையைத் தண்ணீர் செய்யும். தண்ணீர் குடிக்கவும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த அவையில் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் சிலர் இருப்பீர்கள். கான்கிரீட் போடும் நாளுக்கு முந்தின மாலை கட்டடத்துக்குப் போங்கள். கட்டில், பீரோ, பரண், சோபா வரும் இடங்களைக் கீழே தரையில் சாக்பீஸால் வரையுங்கள். கட்டிலின் நடுவிலிருந்து சென்ட்ரிங் பலகைக்கு நேர் மேலே தூக்குநூல் பிடித்து ஒரு புள்ளி வையுங்கள்; நீளமான கூடமாக இருந்தால் இரண்டு புள்ளி. மறுநாள் கொக்கியை அந்தப் புள்ளியில்தான் கட்ட வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லுங்கள். நடுவில் இல்லையே என்று அவர் கேட்பார். கட்டிலும் நடுவில் இல்லை என்று சொல்லுங்கள்.